முப்பத்தோராம் நம்பரின் குரல்

அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து வைத்திய நிபுணர் ராஜரத்தினத்துக்குச் சட்டைப்பைகளைக் கண்டால் பயம்.

நோயாளி வந்து கதிரையில் உட்கார்ந்தால் முகத்தைப் பார்க்கமாட்டார். முதலில் பையைப் பார்ப்பார். பை தட்டையாக இருந்தால் கையைப் பார்ப்பார். கையில் ஒன்றுமில்லையென்றால் இன்னும் பயம். அப்படியானால் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஒருநாள் முதியவர் ஒருவரின் காதுக்குப் பின்னால் சின்னதாக ஏதோ மினுங்கியது. "கழற்றுங்கள், உடனே கழற்றுங்கள்" என்று ஆங்கிலத்தில் அதட்டினார். பாவம், அது காது கேட்கும் கருவி. கழற்றிய பிறகு அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய சிறுநீரகத்தின் நிலைமையை ராஜரத்தினம் தொண்டை கிழியக் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. இரகசியம் காப்பாற்றப்பட்டது: வெளியே வாங்கில் காத்திருந்த முப்பது பேருக்கும் அது விளங்கியது, கிழவரைத் தவிர.

கண்டி வாவியிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் தனியார் வைத்தியசாலையில், மாலை நாலரை தொடக்கம் ஏழு மணி வரை அவரைப் பார்க்கலாம். முன்கூட்டி நம்பர் எடுத்து இப்படி நிபுணர்களைப் பார்ப்பதை ஊரில் 'சனல் பண்ணுவது' என்பார்கள். ஒரு மாலைக்கு நாற்பத்தெட்டு நம்பர். ஆளுக்கு மூன்று நிமிடம் என்று கணக்குப் போட்டால் சரியாக வரும். ராஜரத்தினம் கணக்கில் கெட்டிக்காரர்.

இருதய நோய் நிபுணர். இலண்டனில் இரண்டு வருடம் படித்தவர். அதைவிட முக்கியமாக, மலைநாட்டுத் தனியார் வைத்திய நிபுணர் ஒன்றியத்தின் 'நோயாளர்களின் இரகசிய ஒலிப்பதிவு தொடர்பான உபகுழு'வுக்குத் தலைவர். உபகுழுவில் ஐந்து பேர். கூட்டத்துக்கு வருபவர் தலைவர் மட்டும் என்றபடியால் தீர்மானங்கள் எல்லாம் ஏகமனதாக நிறைவேறின. பேராதனைப் பக்கம் ஒரு ஹோட்டலில் நடக்கவிருந்த வருடாந்த மாநாட்டில் அவர் இதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசுவதாக ஏற்பாடு. நோயாளிக்கு மூன்று, உரைக்கு நாற்பது.

அவருடைய அறைக் கதவில் ஓர் அறிவித்தல் தொங்கியது. அவரே எழுதியது. ஆங்கிலத்தில் பதினொரு வரி, சிங்களத்தில் ஏழு வரி, தமிழில் இரண்டே வரி. இந்த அறையில் ஒலிப்பதிவு செய்யக்கூடாது, மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும். என்ன நடவடிக்கை, யார் எடுப்பது என்பதெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழருக்குப் பயப்பட இரண்டு வரி போதும் என்பது அவருடைய மதிப்பீடு.

பெயரைப் பார்த்து ஏமாந்து அவரிடம் வருபவர்கள் நிறையப் பேர். ராஜரத்தினம் என்றால் நம்ம ஆள்தானே, நம்ம பாஷையில் பேசலாம் என்று ஹேவாஹெட்ட, தெல்தோட்ட மலைகளிலிருந்து பஸ் ஏறி வருவார்கள். வாசலிலேயே தாதி துஷானி சொல்லிவிடுவாள்: "டொக்டர் தமிழ் பேசுறது இல்ல. நான் சொல்றது. பயம் வேணாம்." துஷானி சிங்களப் பெண். அரசாங்க வகுப்பில் ஆறு மாதம் தமிழ் படித்தவள். டொக்டர் ஆங்கிலத்தில் சொல்வதை அவள் தன் உடைந்த தமிழில் சொல்ல, ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, பதினேழு வயது வரைக்கும் தமிழைத் தவிர வேறெதையும் சரளமாகப் பேசத் தெரியாமலிருந்த ராஜரத்தினம், அவள் விடும் பிழைகளைக் கேட்டு மனதுக்குள் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இது இப்படி ஆகும் என்பது அவருடைய ஏழு வயதில் முடிவானது. தோட்டத்து மருந்துச் சாலையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய டாக்டர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, இந்தப் பக்கம் நின்ற அம்மா ஒரு சொல்லும் விளங்காமல் "சரிங்கய்யா" என்றாள். அந்தப் பையனுக்கு அன்றைக்கே ஒரு வைராக்கியம் பிறந்தது. என்றாவது ஒருநாள் மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தார். மேசை மட்டும் அப்படியே இருந்தது.

இனி அந்தக் கடிதம்.

ஒரே பக்கம். சுத்தமான ஆங்கிலம். எழுதியவள் லோஜினி, கண்டி நகரத்தில் ஒரு புடவைக்கடையில் வேலை. ஆறு வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, தன் தாய் புஷ்பவல்லி, வயது நாற்பத்து மூன்று, முப்பத்தோராம் நம்பரில் டொக்டரைப் பார்த்ததாகவும், அந்தச் சனிக்கிழமை விடியற்காலையில் மாரடைப்பில் இறந்துபோனதாகவும் எழுதியிருந்தாள். கடைசி இரண்டு வசனம் இது: அன்றைக்கு நடந்த பேச்சு எங்கள் தொலைபேசியில் பதிவாகியிருக்கிறது. அதை நீங்கள் ஒருமுறை எங்கள் முன்னால் கேட்க வேண்டும், அதன் பிறகு உங்களிடம் ஒரேயொரு கேள்வி இருக்கிறது.

நட்டஈடு கேட்கவில்லை. பத்திரிகைக்குக் கொடுப்போம் என்று மிரட்டவில்லை. அதுதான் அவரை அதிகம் கலங்கடித்தது.

மறுநாள் காலை சட்டத்தரணி அஸ்ஃபரின் காரியாலயத்தில் போய் விழுந்தார். இருவரும் ஒரே பாடசாலை, ஒரே வாங்கு. ராஜரத்தினம் தமிழில் வாய் திறக்கும் இரண்டு பேரில் அஸ்ஃபர் ஒருவர். மற்றவர் ஹேவாஹெட்டயில் இருக்கும் அவருடைய அக்கா.

"மச்சான், ஒண்ணே ஒண்ணு சொல்லு. எனக்குத் தெரியாம என் பேச்சப் பதிஞ்சது குத்தமா, இல்லியா?"

அஸ்ஃபர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "குத்தம்ண்டு செல்ற சட்டத்த நீ காட்டு, நான் இப்பவே பொலிஸுக்குப் போறேன். வெளிய ஈந்து ஒருத்தன் ஒட்டுக் கேட்டா அது வேற. இது பேசினவங்கள்லயே ஒருத்தங்க பதிஞ்சது. ஒனக்கு முன்னால உக்காந்து, அவங்களுக்குச் சென்னத அவங்க வெச்சிக்கிட்டாங்க."

"என் குரல் என்னோடது!"

"வாய்க்குள்ள ஈக்கிற வரைக்கும்."

"தனிப்பட்ட தகவலப் பாதுகாக்கிறதுக்குன்னு புதுசாச் சட்டம் வந்திருக்கே?"

"வந்தீக்கி. ஆனா அதுல நீ கைய வெச்சா அது ஒன்னத்தான் மொதல்ல கடிக்கும். அந்தப் பொம்புளட நோயப் பத்தின தகவல் யாருட? அவட. நீ அத எங்க எழுதி, எந்த அலுமாரில பூட்டி வெச்சீக்கிறண்டு ஒன்னத்தான் கேப்பாங்க."

"கோர்ட்ல எடுத்துக்க மாட்டாங்கல்ல?"

"முன்னுக்கே அறிவிச்சி, வெட்டாம ஒட்டாம கொண்டுவந்து காட்டினா எடுக்கிறதுக்கு வழி ஈக்கி. இங்க பாரு, இந்தப் புள்ள அறிவிச்சி எழுதீக்கி. வெவரமான புள்ள." அஸ்ஃபர் கண்ணாடியைக் கழற்றினார். "சரி, நீ கதவுல பெரிசா நோட்டீஸ் ஒண்டு தொங்க விட்டீக்கிறியே. அது அந்த வியாழக்கெழம ஈந்திச்சா?"

ராஜரத்தினம் நாட்களை விரல்விட்டு எண்ணினார்.

இருக்கவில்லை. அன்றைக்குத்தான் அதை லெமினேட் பண்ணுவதற்குக் கொடுத்தார். கொண்டுபோனது துஷானி. கடையில் கூட்டம். போனவள் வர முக்கால் மணித்தியாலமானது. அந்த நேரத்தில் தனியாகவே பதினைந்து நம்பரோ பதினாறு நம்பரோ பார்த்துவிட்டோம் என்று அன்றைக்கு அவர் பெருமைப்பட்டதும் ஞாபகம் வந்தது. அந்தப் பதினாறில் முப்பத்தொன்றும் ஒன்றா?

"என்னத்தச் சென்ன நீ அவட்ட?" என்றார் அஸ்ஃபர்.

"சொல்லியிருப்பேன். சொல்லாம விட்டிருக்க மாட்டேன்."

"நான் கேட்டது, என்னத்தச் சென்னண்டு."

"ஞாபகம் இல்ல மச்சான்."

"அப்ப அழிக்கச் செல்லி எழுதாத. கேக்காமலே அழிக்கச் சென்னா, அழிக்க வேண்டிய ஏதோ ஒண்டு ஈக்கிண்டு நீயே கையெழுத்து வெச்ச மாதிரி. மொதல்ல கேப்போம்."

அஸ்ஃபர் பதில் எழுதிக் குறித்த நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் ராஜரத்தினம் பட்ட பாட்டை யாரும் பதிந்து வைக்கவில்லை.

புஷ்பவல்லியின் முகத்தை ஞாபகத்துக்குக் கொண்டுவரப் பார்த்தார். வரவில்லை. கணினியில் இருந்த பழைய பட்டியலில் ஒரே வரி: முப்பத்தொன்று, பெயர், வயது. முகமில்லாத ஒரு பெண் மூன்று நிமிடம் அவர் முன்னால் இருந்திருக்கிறாள். அவர் ஏதோ சொல்லியிருக்கிறார். அந்த ஏதோ ஒன்று இப்போது மலையில் எங்கோ ஒரு லயத்து அறையில் அவருடைய குரலில், அவருடைய உச்சரிப்பில், அவர் இல்லாமலே பேசிக்கொண்டிருக்கிறது. குளிக்கும்போதும் காரோட்டும்போதும் அதைக் கேட்க முயன்றார். தன் குரல் பக்கத்து அறையில் பேசுவதுபோல் இருக்கும். காதைத் தீட்டினால் நின்றுவிடும். சில வேளை குரல் கேட்காது. அதற்குப் பதில் மட்டும் ஒரு பெண் குரலில் கேட்கும்: "சரிங்கய்யா."

வரவேற்பு மேசைக்காரனைக் கூப்பிட்டு முப்பத்தோராம் நம்பரை இனி யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றார். காரணம் கேட்டதற்கு, நிர்வாகக் காரணம் என்றார். அதன் பிறகு முப்பதுக்கு அடுத்தது முப்பத்திரண்டு. ஆனால் மூன்று நிமிடத்துக்கு ஓர் ஆள் என்று பழகிப்போன அந்த அறைக்கு இது தெரியவில்லை. முப்பது எழுந்து போன பிறகு துஷானி முப்பத்திரண்டைக் கூப்பிடக் கதவைத் திறப்பாள். கதவுக்கும் கதிரைக்கும் இடையில் யாரோ மெதுவாக நடந்து வருவதற்கு வேண்டிய நேரம் கழியும். அப்புறம்தான் முப்பத்திரண்டு உள்ளே வரும். ராஜரத்தினத்தின் கண் கதிரையிலேயே இருக்கும்.

"சேர், யாரைப் பார்க்கிறீர்கள்?" என்று துஷானி ஒருநாள் சிங்களத்தில் கேட்டாள்.

"யாருமில்லை" என்றார் ஆங்கிலத்தில். துஷானி பழக்க தோஷத்தில் கதிரையைப் பார்த்து, "யாரும் இல்லையாம்" என்று தமிழில் மொழிபெயர்த்தாள்.

எல்லாச் சட்டைப்பையிலும் ஒரு காது இருப்பதாக நினைத்துக்கொண்டதில் இன்னொன்றும் நடந்தது. அவர் நிதானமாகப் பேசத் தொடங்கினார். ஒவ்வொரு சொல்லையும் யோசித்தார். நெஞ்சில் குழாயை வைத்தால் உண்மையாகவே கேட்டார். நோயாளியிடம் கேள்வி கேட்டு, பதில் முடியும் வரை காத்திருந்தார். நாற்பத்தெட்டு நம்பர் முப்பத்தாறாகக் குறைந்தது. 'இப்ப முந்தி மாதிரி இல்ல, தங்கமான டொக்டர்' என்று ஊரில் பேச்சு அடிபட்டது. இவ்வளவுக்கும் பயம்தான் காரணம் என்று யாருக்கும் தெரியாது. ஒன்றியத்து நண்பர்கள் மட்டும், இவருக்கு ஏதோ நோய் நொடி போல என்று கவலைப்பட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு அஸ்ஃபரின் காரியாலயம். ராஜரத்தினம் கோட்டு, டை எல்லாம் போட்டு, மாநாட்டுக்குப் போவதுபோல் வந்தார். லோஜினியும் அவளுடைய தகப்பன் பன்னீரும் முன்னரே வந்து வாங்கின் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். பன்னீர் அவரைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார். தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் காய்த்துப்போன கைகள். அவருடைய சட்டைப்பையில் ஒரு பழைய ஃபோன், கண்ணாடியில் கீறலுடன். ராஜரத்தினத்தின் கண் நேரே அதில் போய்த்தான் நின்றது.

"உக்காருங்கம்மா" என்றார் அஸ்ஃபர். "எதுக்காகப் பதிஞ்சீங்க, அத மொதல்ல செல்லுங்க."

லோஜினிக்கு இருபது வயதிருக்கும். நேராகப் பார்த்துப் பேசினாள். "எங்க லயத்துல எல்லாரும் அப்பிடித்தாங்க செய்வாங்க. டொக்டர்மாரு பேசுறது சிங்களமோ இங்கிலீஸோ, வெளங்காது. மறுபடி கேட்டா ஏசுவாங்க. அதனால ஃபோன்ல புடிச்சிக்கிட்டு வந்துருவாங்க. ஞாயித்துக்கெழம நான் வீட்டுக்கு வருவேன். பத்து வீட்டு ஃபோனும் வரிசையா வந்துரும். நான் கேட்டுட்டு, என்ன சொல்லியிருக்காங்க, எந்த மாத்திர எப்பன்னு எல்லாம் சொல்லுவேன்."

இந்த இடத்தில் ராஜரத்தினத்தின் உபகுழுவுக்கு ஒரு சிறு அடி விழுந்தது. இரகசிய ஒலிப்பதிவின் பின்னணியில் வழக்குப் போடும் கும்பல்களும் ஊடகச் சதியும் இருப்பதாக நாற்பது நிமிட உரையில் பதினைந்து நிமிடத்தை ஒதுக்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கும் பத்து ஃபோன்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

"அன்னைக்கும் அப்பிடித்தாங்க" என்றார் பன்னீர். "உள்ள போகயில செவப்புப் பொத்தான அமத்துங்கப்பான்னு புள்ள சொல்லியிருந்திச்சி. அமத்தினேன். நிப்பாட்டத் தெரியல. அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்திருக்கு."

"ஒடனே மகளுக்கு அனுப்பேலாதா, வாட்சப்ல?" என்றார் அஸ்ஃபர்.

"அனுப்பினேங்க. எங்க பக்கம் சிக்னல் இல்லீங்க. அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருந்திச்சி. ஞாயித்துக்கெழம புள்ள வரும்ல, அப்பப் பாத்துக்குவோம்னு அவதான் சொன்னா. அதான் ஃபோன்ல இருக்கே, எங்க போயிறப் போகுதுன்னா."

லோஜினி ஃபோனை மேசையில் வைத்து விரலால் தொட்டாள்.

முதலில் துணி உரசும் சத்தம். கதவு. கதிரை இழுபடும் சத்தம். பிறகு அவருடைய குரல்.

ராஜரத்தினம் அதைக் கேட்டுத் திடுக்கிட்டார். இவ்வளவு நாளும் உள்ளுக்குள் கேட்ட குரல் கனமாக, இலண்டன் வாசனையோடு இருந்தது. இது மெல்லிசாக, அவசரமாக, மூக்கால் வந்தது. எங்கே வலி என்று ஆங்கிலத்தில் கேட்டது. பதில் இல்லை. "செஸ்ட்?" என்றது. "ஆமாங்கய்யா, நெஞ்சுதான், இந்தக் கையிலயும்" என்றாள் அவள். முகமில்லாதவளுக்குக் குரல் வந்துவிட்டது. கொஞ்சம் கரகரப்பான, வெட்கப்பட்ட குரல்.

கடதாசி சரசரத்தது. ஈசிஜி படமாக இருக்க வேண்டும். பிறகு அந்த மூக்குக் குரல் ஆங்கிலத்தில், ஒரு தங்குதடையில்லாமல் சொன்னது: இந்தப் படத்தில் மாற்றங்கள் இருக்கின்றன. இருதயத்துக்குப் போகும் இரத்தம் தடைப்படுகிறது. இது ஆபத்தான நிலை. நீங்கள் வீட்டுக்குப் போகக்கூடாது. இங்கிருந்து நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போய் இன்றைக்கே அனுமதியாக வேண்டும். இந்தக் கடிதத்தை அங்கே கொடுங்கள். புரிந்ததா?

நான்கு விநாடி. துஷானியின் தமிழ் கேட்கவில்லை. சுவர்க்கடிகாரம் மட்டும்.

"சரிங்கய்யா" என்றாள் புஷ்பவல்லி.

அஸ்ஃபர் கதிரையிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "நிப்பாட்டுங்கம்மா ஒரு நிமிஷம். மச்சான்! நீ சென்னீக்கிறாய்! ஒண்டுவிடாம சென்னீக்கிறாய், கடிதமும் கொடுத்தீக்கிறாய்! இது ஒனக்கு எதிரான சாட்சி இல்ல, ஒன்ட சாட்சி. கோட்டுக்குப் போனா நானே இதப் போட்டுக் காட்டுவேன்!" பிறகு எதிரில் இருப்பவர்கள் யார் என்று ஞாபகம் வந்து மெல்ல உட்கார்ந்தார். "மன்னிச்சிக்கங்க வாப்பா" என்றார் பன்னீரிடம்.

ராஜரத்தினத்துக்கு உடம்பிலிருந்து ஏதோ இறங்கியது. பன்னிரண்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் எழுந்து போனது. சொல்லியிருக்கிறேன். சரியாகச் சொல்லியிருக்கிறேன். எந்த மருத்துவச் சபையும் இதில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது. டையைச் சரிசெய்தார். "அந்தக் கடிதம் எங்கே?" என்றார் ஆங்கிலத்தில், கொஞ்சம் கம்பீரமாகவே.

"சாமிப் படத்துக்கிட்ட வெச்சிருந்தோங்க" என்றார் பன்னீர். மகள் மொழிபெயர்க்கவில்லை, அவருக்கு எப்படி விளங்கியதோ. "ஒட்டியிருந்திச்சி. அடுத்த மொற வரயில குடுக்கணுமாக்கும்னு பத்திரமா வெச்சிருந்தோம்."

"இன்னும் முடியல சேர்" என்றாள் லோஜினி. மறுபடி விரலால் தொட்டாள்.

கதிரை தள்ளப்படும் சத்தம். செருப்புச் சத்தம், இரண்டு சோடி. பிறகு ஒரு ஃபோன் மணி. அது ராஜரத்தினத்தின் ஃபோன். அவருக்கு அந்த மணியைக் கேட்டதுமே அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. ஃபோனைப் பிடுங்க நினைத்ததுபோல் கை ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தது.

"ஆங், அக்கா, சொல்லுக்கா" என்றது அந்தக் குரல். மூக்கும் இல்லை, இலண்டனும் இல்லை. சுத்தமான ஹேவாஹெட்டத் தமிழ். "என்னா, முட்டி இன்னும் வலிக்கிதா? நான் சொன்னேன்ல? நாளைக்கி, நாளன்னைக்கின்னு தள்ளிப் போடாதக்கா. வீட்டுல உக்காந்து இருக்காத. இன்னைக்கே போய்க் காட்டு. இன்னைக்கே, வெளங்குதா?"

கதவு சாத்தப்பட்டது. லோஜினி நிறுத்தினாள்.

கீழே வீதியில் பஸ் ஒன்று நடத்துனரின் கூச்சலோடு போனது. அஸ்ஃபர் மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

"எங்கம்மாகிட்ட நம்பர் குடுக்கயிலயே சொன்னாங்களாம், டொக்டருக்குத் தமிழ் தெரியாதுன்னு" என்றாள் லோஜினி. "நான் கேக்கணும்னு சொன்ன கேள்வி இதுதாங்க. ஒங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

வைத்திய நிபுணர் ராஜரத்தினத்தின் வாயில் மூன்று ஆங்கில வாக்கியங்கள் தயாராக வந்து நின்றன. மூன்றும் நல்ல வாக்கியங்கள். தொழில்முறைக் கடப்பாடு, நடைமுறை, மொழிபெயர்ப்பாளர் வசதி. மாநாட்டில் கைதட்டு வாங்கக் கூடியவை.

"தெரியும்" என்றார்.

"சரிங்க" என்றாள் அவள். எழுந்தாள். அவ்வளவுதான்.

பன்னீர் எழவில்லை. ஏதோ சொல்ல வேண்டுமென்று யோசிப்பதுபோல் இருந்தார். "ஐயா பேசினது கதவுகிட்ட எங்களுக்குக் கேட்டிச்சிங்க. இவளுக்கு ஒரே சந்தோசம். நம்மாளுதான், நம்ம ஊருப் பேச்சுதான், பயமில்லன்னா. படியெறங்கயில சிரிச்சிக்கிட்டேதான் எறங்கினா." பிறகு எழுந்து கும்பிட்டார். "ஒங்க அக்காவுக்கு முட்டிவலி இப்ப எப்பிடிங்க இருக்கு?"

அக்கா அன்றைக்கே போனாள், காட்டினாள், இப்போது நன்றாக நடக்கிறாள். இதை எந்த மொழியில் சொல்வது?

அவர்கள் போகும் முன் அஸ்ஃபர் ஒலிப்பதிவில் ஒரு பிரதி கேட்டார். லோஜினி மறுக்கவில்லை. அங்கேயே டொக்டரின் ஃபோனுக்கு அனுப்பினாள். நகரத்தில் சிக்னல் நல்லது. வட்டம் ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை.

"இதக் கவனமா வெச்சிக்க" என்றார் அஸ்ஃபர், அவர்கள் போன பிறகு. சற்று முன்னிருந்த உற்சாகம் குரலில் இல்லை. "வெட்டாத. ஒட்டாத. முழுசா ஈக்கணும். அந்தப் புள்ள ஒண்டும் செய்ய மாட்டா. ஆனா நாளைக்கி யாராவது கெளப்பினா ஒன்ன காப்பாத்துறது இது மட்டும்தான். என்ன நடந்தாலும் அழிச்சிறாத மச்சான்."

அழிக்க வைப்பதற்கென்று வந்தவர், அழிக்கக்கூடாது என்ற சட்ட ஆலோசனையோடு படியிறங்கினார்.

திங்கட்கிழமை மாலை முதலாம் நம்பர் தெல்தோட்டையிலிருந்து வந்த ஒரு வயதான அம்மா. துஷானி வழமைபோல் பக்கத்தில் வந்து நின்றாள். ராஜரத்தினம் தொண்டையைச் செருமினார். "என்னம்மா செய்யிது?" என்றார்.

அந்த அம்மா அவரைப் பார்த்தாள். துஷானியைப் பார்த்தாள். "ஐயா என்ன சொல்றாங்க தங்கச்சி?" என்றாள்.

துஷானியும் அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு நிதானமாக, தன் உடைந்த தமிழில், "என்ன வருத்தம்னு கேக்கிறது" என்றாள். அம்மாவுக்கு விளங்கியது. கடகடவென்று துஷானியிடம் சொல்லத் தொடங்கினாள்.

பேராதனை மாநாட்டில் அவர் பேசவில்லை. உடல்நலக் குறைவு என்று அறிவித்தார்கள். கதவில் இருந்த அறிவித்தலை யாரோ கழற்றிவிட்டார்கள். யார் என்று அவர் விசாரிக்கவுமில்லை, அவரிடம் யாரும் விசாரிக்கவுமில்லை. முப்பத்தோராம் நம்பரைத் திரும்பக் கொடுக்கச் சொல்ல நினைத்தார். சொல்லவில்லை.

அவருடைய வீடு அம்பிட்டியவில், ஹேவாஹெட்ட வீதியோரமாக. மாலையில் வந்து கேற்றுக்கு வெளியே காரை நிறுத்தி, இறங்காமல், ஃபோனை எடுப்பார். மூக்குக் குரல் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, புரிந்ததா என்று கேட்கும். அதற்குப் பிறகு வரும் அந்த நான்கு விநாடி அவருக்கு இப்போது அத்துப்படி. சரியாக அதற்குள் அடங்கும்படி சொல்வார்: "வீட்டுக்குப் போகாதம்மா. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ."

"சரிங்கய்யா" என்பாள்.

ஒவ்வொரு நாளும் ஒப்புக்கொள்வாள். ஒவ்வொரு நாளும் கதிரை தள்ளப்படும், செருப்புச் சத்தம் கேட்கும், அக்கா கூப்பிடுவாள், கதவு சாத்தப்படும். பன்னீருக்கு நிப்பாட்டத் தெரியாத ஃபோன் அது. படிகள். வீதி. பஸ் நிலையத்துக் கூச்சல். ஜன்னல் ஓரத்தில் காற்று. நடத்துனர் "அம்பிட்டிய, அம்பிட்டிய" என்று கத்துவான். யாரோ இறங்குவார்கள். அந்த இடத்தில் ராஜரத்தினம் கண்ணாடியை இறக்கி வீதியைப் பார்ப்பார். சில நாள் உண்மையாகவே ஒரு பஸ் அவரைக் கடந்து மேட்டில் ஏறும்.

இறங்கியவர்களில் அவள் இல்லை. பஸ் புறப்படும். பன்னீரின் ஃபோனில் சார்ஜ் தீருவதற்கு இன்னும் பதினாறு நிமிடம் இருக்கிறது. மேலே தலாத்துஓயா என்ற ஊரைத் தாண்டித்தான் அது சாகும். அதுவரை அவள் கரகரத்த குரலில் பேசிக்கொண்டே போவாள். மரக்கறி விலை, கூரை ஒழுக்கு, மகளுக்கு எடுக்க வேண்டிய சட்டை. நடுவில் ஒருமுறை மூச்சு வாங்குவாள். இருதய நோய் நிபுணருக்கு அந்த மூச்சு என்னவென்று தெரியும்.

"அந்த டாக்டரய்யா என்னா சொன்னாருன்னு, ஞாயித்துக்கெழம லோஜினி வந்தோன்ன..." என்று தொடங்குவாள். அங்கே ஃபோன் அணைந்துவிடும்.